ரோடான் ஏன் இத்தனை உடல்களை வரைந்தார்?

நீங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒகுஸ்த் ரோடான் (1840–1917) களிமண்ணிலும் வெண்கலத்திலும் வேலை செய்த பிரெஞ்சுச் சிற்பி. அவர் எதற்காக ஆயிரக்கணக்கில் நிர்வாண உடல்களைத் தாளில் வரைந்து குவித்தார், அவை சிலைகளுக்கான முன்வரைவுகளா என்பது முதல் கேள்வி. முன்வரைவு என்றால் தொடை பெருத்து, பாதம் சிறுத்து, கோடுகள் ஒன்றோடொன்று சேராமல், சில படங்களில் தலையே தாளுக்கு வெளியே போய்விடுவது ஏன் என்பது அடுத்தது.

இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களை வரையும்போது அவர் தாளைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த உடலை மட்டும்தான் பார்த்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சிற்பிகள் வரைவது காலம் காலமாக நடப்பதுதான். மிக்கேலாஞ்சலோ தனக்கு வேண்டிய பளிங்குப் பாளங்களின் வடிவத்தை அளவு குறித்து வரைந்து, சுரங்கத்தில் கல் வெட்டுபவர்களுக்குக் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள்கள் இன்றும் இருக்கின்றன. அது வேலைக்கான வரைபடம். ரோடானின் கணக்கு வேறு. அவர் வரைந்தவை ஏறத்தாழ 10,000. அவற்றில் 7,000-க்கும் மேற்பட்டவை பாரிஸில் உள்ள ரோடான் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பகுதி அவருடைய கடைசி இருபது ஆண்டுகளில் வரைந்தது. இந்தப் படத்திலிருந்து இந்தச் சிலை வந்தது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவை மிகச் சொற்பம். ஆனால் தன் படைப்புகளைத் திறக்கும் சாவி இந்தக் கோட்டோவியங்கள்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். சிலைக்கு வழிகாட்டாத படம் எப்படிச் சிலைகளுக்குச் சாவியாகும்?

ரோடான் சிறுவனாகப் படித்தது பாரிஸில் பெத்தித் எகோல் என்ற ஓவிய, அலங்காரக் கலைப் பள்ளியில். பெரிய கலைக்கல்லூரியான எகோல் தெ பொசார் அவரை மூன்று முறை நிராகரித்தது. சின்னப் பள்ளியில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஒரேஸ் லெகோக் தெ புவாபோத்ரான். நினைவிலிருந்து வரையச் சொல்லிக் கொடுப்பதில் பெயர் பெற்றவர் அவர். பொருளை நன்றாகப் பார். பிறகு அது கண்முன் இல்லாதபோது வரை. பார்த்தது கைக்குள் இறங்கியிருந்தால்தான் அது தாளுக்கு வரும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதுமையில் ரோடான் செய்தது இதன் மறுபக்கம். பள்ளியில் மறைக்கப்பட்டது பொருள். பின்னாளில் அவர் தனக்குத் தானே மறைத்துக்கொண்டது தாள். இரண்டிலும் சோதிக்கப்படுவது கைதான்.

நடுவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1877-இல் ‘வெண்கல யுகம்’ என்ற ஆளுயரச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். ஒகுஸ்த் நேய்த் என்ற பெல்ஜியப் படைவீரர் அதற்கு மாடலாக நின்றவர். சிலை அவ்வளவு உயிரோடு இருந்ததால், உயிருள்ள மனிதன் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று பழி வந்தது. மாடலின் புகைப்படங்களை எடுத்துக் காட்டித் தன் தரப்பைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பழி எவ்வளவு தப்பு என்பது அவர் வேலை செய்த முறையைப் பார்த்தால் தெரியும். மாடலை நிற்க வைப்பார். ஒரு பக்கத்திலிருந்து தெரியும் விளிம்புக்கோட்டை மட்டும் களிமண்ணில் கொண்டுவருவார். பிறகு மாடலையும் களிமண்ணையும் ஒரே அளவு கொஞ்சம் திருப்பி, அடுத்த விளிம்பு. மறுபடி திருப்பி, அதற்கடுத்தது. ஏணி மேல் ஏறி நின்று தலை, தோள், மார்பு ஆகியவற்றின் விளிம்பை மேலிருந்தும் பார்ப்பார். இப்படிச் சுற்றிச் சுற்றி எடுத்த விளிம்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் உருவம். தோலின் மேற்பரப்பை அச்செடுப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆக, ரோடானுக்குச் சிற்பம் என்பதே எல்லாத் திசையிலிருந்தும் வரைந்த கோட்டோவியம். சிற்பி எதற்கு வரைகிறார் என்ற கேள்வி அவரைப் பொறுத்தவரை எழவே எழாது. களிமண்ணைத் தொடும்போதும் அவர் வரைந்துகொண்டுதான் இருந்தார். ஒரு உடலுக்கு எத்தனையோ விளிம்புகள் உண்டு. தாளில் விழும் ஒவ்வொரு கோடும் அவற்றில் ஒன்று.

1880-இல் அரசு அவரிடம் ஓர் அருங்காட்சியகத்துக்கு வாசல் கதவு செய்யச் சொன்னது. அதுதான் ‘நரக வாயில்’. அந்தக் காலத்தில் அவர், நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவிஞர் தாந்தேயைப் படித்துப் படித்து, மையும் வெள்ளை வண்ணமும் கலந்து, இருட்டான சின்னச் சின்னப் படங்களாக நரகத்தின் அடுக்குகளை வரைந்தார். கறுப்புப் படங்கள் என்று இன்று அவற்றைச் சொல்கிறார்கள். 1897-இல் மொரீஸ் ஃபெனாய் என்பவரின் பண உதவியோடு அவற்றில் பல பெரிய தொகுப்பாக அச்சாகின. மிரட்டும் படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை கற்பனையிலிருந்து வந்த உடல்கள். ஓராண்டு இப்படி வரைந்த பிறகு இவை நிஜத்திலிருந்து மிகத் தள்ளிப் போய்விட்டன என்று உணர்ந்து, மாடல்களை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியதாக ரோடானே பின்னால் சொன்னார். என் கணிப்பில் அவருடைய வாழ்க்கையின் முக்கியமான திருப்பம் இது. நரகத்தின் வேதனையைக் காட்டக் கதை தேவையில்லை, ஒரு முதுகு வளைவதைச் சரியாகப் பார்த்தால் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

1890-களின் நடுப்பகுதியிலிருந்து அவர் பட்டறையில் நடந்தது இப்படி. மாடல்களை இன்ன நிலையில் நில், அசையாதே என்று சொல்வதில்லை. அவர்கள் நடக்கலாம், உட்காரலாம், கூந்தலை அவிழ்த்துச் சீவலாம், தரையில் படுத்துப் புரளலாம். ஓர் அசைவு அவர் கண்ணில் பட்டதும் பென்சில் ஓடத் தொடங்கும். கண் உடலை விட்டு நகராது. கை தாளின் மேல் தன் போக்கில் போகும். ஒரு நிமிடம் ஆகுமோ ஆகாதோ, தாள் கீழே விழும், அடுத்த தாள். 1906-இல் அவருக்குச் செயலாளராக இருந்த ஆண்டனி லுடோவிசி இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். கண் பார்ப்பதைக் கை எந்த அளவுக்கு ஏற்கெனவே உணர்கிறது என்று தெரிந்துகொள்ளவே இப்படி வரைவதாக ரோடான் அவரிடம் விளக்கினாராம்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். நூறு பக்கம் படிப்பதைவிட ஐந்து நிமிடத்தில் அதிகம் புரியும். வரைய வராது என்பவர்களுக்கும் இது வரும். உங்கள் இடது கையை மேசை மேல் வையுங்கள். பென்சில் முனையைத் தாளில் வைத்துவிட்டு, இனித் தாளைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுங்கள். மணிக்கட்டிலிருந்து தொடங்கி, கண் எந்த வேகத்தில் விளிம்பின் மேல் நகர்கிறதோ அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்துங்கள். கட்டைவிரலின் அடிச்சதை புடைக்கும் இடத்தில் கண் தயங்கும், கையும் தயங்கும், கோடு அங்கே கனத்துவிடும். விரல் கணுவில் ஒரு சின்னத் திருப்பம். நகத்தின் ஓரம். சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்குத் திரும்பிவிட்டோம் என்று நினைக்கும்போது தாளைப் பாருங்கள். கோடு தொடங்கிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி நிற்கும். சுண்டுவிரல் சுருங்கியிருக்கும். கட்டைவிரல் இரண்டு மடங்கு பெருத்திருக்கும். ஆனால் அந்தக் கட்டைவிரலின் அடிச்சதை இருக்கிறதே, அதை நீங்கள் தாளைப் பார்த்துப் பார்த்து வரைந்திருந்தால் இவ்வளவு உயிரோடு வந்திருக்காது.

ரோடானின் பெண்ணுருவங்களில் தொடை பெருத்திருப்பதும் பாதம் சிறுத்திருப்பதும் இதனால்தான். எங்கே கண் நின்று நிதானித்ததோ அங்கே தாளில் இடம் கூடுகிறது. விகிதம் தவறுகிறது, எடை தவறவில்லை. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் இடுப்பு தரையில் எவ்வளவு கனமாக இறங்கியிருக்கிறது, ஊன்றிய கையில் எவ்வளவு பாரம் போகிறது என்பதை அந்தக் கோடுகள் தப்பில்லாமல் சொல்கின்றன. நாற்பது ஆண்டுகள் களிமண்ணில் விரல் வைத்து வேலை செய்த கை அது. கண்ணை மூடிக்கொண்டாலும் விலாவிலிருந்து இடுப்பெலும்புக்கு எப்படி இறங்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். இளைஞன் ஒருவன் இதே முறையில் வரைந்தால் வெறும் கிறுக்கலாக முடியும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு வேண்டாத வழியில் ஒரு சாட்சியும் கிடைத்திருக்கிறது. ரோடான் படங்களுக்கு நல்ல விலை வரத் தொடங்கியதும் போலிகள் பெருகின. ரோடானின் கடைசிச் சீடன் என்று சொல்லிக்கொண்ட எர்ன்ஸ்ட் டூரிக் என்பவர் வரைந்த போலிகள் பெரிய பெரிய அருங்காட்சியகங்களுக்குள்ளேயே நுழைந்துவிட்டன. பிறகு ஆல்பர்ட் எல்சன், கிர்க் வார்னடோ என்ற இரு ஆய்வாளர்கள் அசலையும் போலியையும் பிரித்துக் காட்டினார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கே தெரியும். போலியில் கோடு சரளமாக ஓடுகிறது, ஆனால் உடலைச் சுற்றிப் போகவில்லை. முழங்காலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறது என்ற எண்ணமே அதற்கு இல்லை.

வரைந்த தாளோடு வேலை முடியவில்லை. தனக்குப் பிடித்ததை எடுத்து, மேலே வேறு தாள் வைத்து, தேவையான கோட்டை மட்டும் நகலெடுப்பார். முதல் படத்தில் ஒரு கைக்கு நான்கு கோடு இருந்தால் இரண்டாவதில் ஒன்றுதான் மிஞ்சும். பிறகு நீர்வண்ணத்தில் ஒரே மேனி நிறத்தைக் கரைத்து உடல் முழுக்க ஒரே வீச்சில் விடுவார். வண்ணம் கோட்டுக்குள் நிற்காது. பல இடங்களில் கோட்டைத் தாண்டி வழியும், சில இடங்களில் கோட்டைத் தொடாமலே நின்றுவிடும். கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம். கோடு விளிம்பைச் சொல்கிறது, வண்ணம் உள்ளே இருக்கும் பருமனைச் சொல்கிறது. இரண்டும் கொஞ்சம் விலகி நிற்பதால்தான் உடல் இப்போதுதான் அசைந்தது போல இருக்கிறது.

அதற்கும் மேலே போய், சில உருவங்களைக் கத்தரியால் தனியே வெட்டி எடுத்தார். அந்தக் காகித உடல்களைத் தலைகீழாக, பக்கவாட்டில், இன்னொன்றின் மேல் என்று வைத்துப் பார்த்தார். முழுத் தாளையே திருப்பிப் பார்ப்பதும் உண்டு. பல தாள்களின் ஓரத்தில் பிரெஞ்சில் ‘கீழ்ப்புறம்’ என்று அவர் கையெழுத்து இருக்கும், சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓரங்களில். படுத்திருந்த பெண் தாளைத் திருப்பியதும் நீந்துகிறாள். இன்னும் திருப்பினால் பறக்கிறாள். கைகளை உயர்த்தி மண்டியிட்ட ஒருத்தி பூச்சாடியாகவே ஆகிவிடுகிறாள்.

இதே வேலையை அவர் பிளாஸ்டரில் செய்ததைப் பார்த்தால் ‘சாவி’ என்று ஏன் சொன்னார் என்பது விளங்கும். பாரிஸுக்கு அருகே மெதோனில் இருந்த அவருடைய பட்டறையில் இழுப்பறை இழுப்பறையாக பிளாஸ்டர் கைகளும் கால்களும் தலைகளும் இருந்தன. ஒன்றின் தோளில் இன்னொன்றின் கையைப் பொருத்துவார். ‘நரக வாயில்’ உச்சியில் நிற்கும் ‘மூன்று நிழல்கள்’ மூன்று பேர் அல்ல. ஒரே ஆணுருவத்தை மூன்று முறை வார்த்து, மூன்று கோணத்தில் திருப்பி நிறுத்தியிருக்கிறார். ஓர் உடலின் மூன்று விளிம்புகள் ஒரே நேரத்தில் நமக்குத் தெரிகின்றன. ‘ஐரிஸ்’ என்ற தலையில்லாத பெண்ணுருவத்தை மல்லாந்த நிலையில் உருவாக்கிவிட்டு, பிறகு செங்குத்தாகத் தூக்கி நிறுத்தினார், அந்தரத்தில் பாய்கிறாள். தாளைத் திருப்பும் பழக்கம் இல்லாத ஒருவருக்கு இது தோன்றியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

1906-இல் கம்போடிய மன்னர் சிசோவாத் தன் அரண்மனை நடனக் குழுவோடு பிரான்சுக்கு வந்தார். ஜூலையில் பாரிஸில் அவர்களுடைய ஆட்டத்தைப் பார்த்த ரோடான் நிலைகொள்ளாமல் போய்விட்டார். அப்போது அவருக்கு 65 வயது. குழு காலனியக் கண்காட்சிக்காக மார்செய் போனபோது அவரும் பின்னாலேயே போனார். சில நாட்களில் ஏறத்தாழ 150 படங்கள். இந்தப் படங்களில் மாடல்கள் நிர்வாணமாக இல்லை. ஆடை உடலை மூடியிருக்கிறது. அதனால் அவர் கண் முழுக்கக் கைகளுக்குப் போய்விட்டது. ஒரு படத்தை நிதானமாகப் பாருங்கள். கால்கள் பெயருக்கு இரண்டு கோடு. முகத்தில் அனேகமாக ஒன்றும் இல்லை. தோளிலிருந்து முழங்கை, அங்கிருந்து மணிக்கட்டு வரை பென்சில் இரண்டு மூன்று முறை போய்வந்திருக்கிறது. கை நகர்ந்த ஒவ்வொரு இடத்தையும் அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார். கடைசியில் விரல்கள், சின்ன வயதிலிருந்து பழக்கிப் பழக்கிப் பின்பக்கமாக வில்லென வளையும் விரல்கள். அங்கே வந்ததும் கோடு ஒற்றையாகி, மெலிந்து, உறுதியாக நிற்கிறது. மேலே காவியும் நீலமுமாக வண்ணம். உடலுக்குள் அசைவு தோளிலிருந்து விரல் நுனிவரை ஓடுவதை இதைவிட நன்றாகக் காட்டிய படங்களை நான் பார்த்ததில்லை.

இந்தப் படங்கள் கடைசியில் சிலைக்குள்ளும் போயின, ஆனால் யாரும் எதிர்பார்க்கும் வழியில் இல்லை. 1911 வாக்கில் அவர் ‘நடன அசைவுகள்’ என்ற சின்னச் சின்ன உருவங்களைக் களிமண்ணில் செய்தார். அல்டா மொரேனோ என்ற கழைக்கூத்துக் கலைஞர் அவருக்கு மாடலாக இருந்த காலம் அது. ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் உருவங்கள். தசையும் எலும்பும் விவரமாக இல்லை. உருட்டிய களிமண் நாலைந்து இணைந்தது போல. அவர் வழக்கமாகச் செய்த சிற்பத்தோடு ஒப்பிட்டால் அரைகுறையாகத் தெரியும். அவருடைய கோட்டோவியத்தோடு ஒப்பிட்டால் கச்சிதமாகப் பொருந்தும். சிலைக்காகப் படம் வரைந்தது போய், படத்தைப் பார்த்துச் சிலை கற்றுக்கொண்டது.

மாடல்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிப்பது நேர்மையாகாது. அந்தப் படங்களில் கணிசமானவை பெண்ணுடலை மிக நெருங்கி, கால்களுக்கிடையே பார்ப்பவை. 1906-இல் ஜெர்மனியின் வைமார் நகர அருங்காட்சியகத்தில் அவருடைய படங்கள் வைக்கப்பட்டபோது பெரும் கூச்சல் எழுந்து, அதன் இயக்குநர் ஹாரி கெஸ்லர் பதவி விலக வேண்டியதாயிற்று. அன்று எழுந்தது ஒழுக்கம் பற்றிய கூச்சல். இன்று நாம் கேட்க வேண்டியது வேறு. பெயர் பெற்ற முதியவர் ஒருவர், கூலிக்கு வந்த இளம்பெண்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை. எல்லாப் படங்களும் ஒரே தரம் என்று நான் சொல்ல மாட்டேன். சிலவற்றில் கண் உடலின் அசைவைப் பின்தொடர்கிறது. சிலவற்றில் உற்றுப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை. பின்னவற்றுக்கு மேதைமை என்ற திரையைப் போட்டு மூட வேண்டியதில்லை. முன்னவற்றை அதற்காகத் தள்ளிவிடவும் முடியாது.

கடைசியாக, தமிழர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு செய்தி. விக்டர் கோலுபேவ் என்பவர் மூலம் சென்னை அருங்காட்சியகத்து நடராஜர் படிமங்களின் புகைப்படங்கள் ரோடானுக்குக் கிடைத்தன. திருவாலங்காட்டு நடராஜர் அவற்றில் ஒன்று. 1913-இல் அவற்றைப் பார்த்து அவர் எழுதிய குறிப்புகள், அவர் இறந்த பிறகு 1921-இல், கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமியின் கட்டுரையும் இடம்பெற்ற ஒரு தொகுதியில் வெளிவந்தன. சைவ தத்துவம் எதுவும் அவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. உதடு, கண், நிழல் விழும் இடம், உடலின் ஓரம் என்று படிமத்தை அங்கம் அங்கமாகக் கண்ணால் சுற்றி வருகிறார். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் சிவன் மெல்லிய பிறையாகத் தெரிகிறார் என்கிறார். களிமண்ணைத் திருப்பித் திருப்பி விளிம்பு பார்த்த அதே கண்தான்.

வியப்பு என்னவென்றால், அந்தப் படிமத்தை வார்த்த மரபு ரோடானுக்கு நேர் எதிரான வழியில் வேலை செய்வது. சுவாமிமலையில் ஸ்தபதி தென்னை ஓலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து அளவு குறித்துக்கொண்ட பிறகுதான் மெழுகைத் தொடுகிறார். உத்தம தச தாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை, தொடைக்கு இத்தனை என்று எல்லாம் கணக்கு. எதிரே மனித உடல் நிற்க வேண்டியதே இல்லை. ரோடானிடம் அளவு இல்லை, உடல் மட்டும்தான். இந்த இரண்டு வழியும் முதுகெலும்பின் வளைவில், தூக்கிய காலைத் தாங்கும் ஊன்றிய காலில் எப்படி ஒன்றாக வந்து சேர்கின்றன என்பது எனக்கு இன்றும் முழுதாக விளங்கவில்லை. ரோடானுக்கு அது உடனே பிடிபட்டுவிட்டது என்பது மட்டும் அவர் எழுத்தில் தெரிகிறது.

பாரிஸ் போகும் வாய்ப்பு இருந்தால் ரோடான் அருங்காட்சியகத்தில் சிலைகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நீர்வண்ணமும் பழைய தாளும் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் கோட்டோவியங்களை மாற்றி மாற்றிக் கொஞ்சமாகத்தான் வெளியே வைப்பார்கள். போவதற்கு முன் எப்போது என்ன காட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அங்கே போக முடியாதவர்கள் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். பார்க்கும்போது முகத்தை விடுங்கள். கோடு எங்கே இரட்டித்திருக்கிறது, எங்கே சேராமல் நிற்கிறது, வண்ணம் எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது, ஓரத்தில் ‘கீழ்ப்புறம்’ என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் படத்தைத் திருப்பியும் ஒரு முறை பாருங்கள்.